கீரையும் மொறுமொறுக்கும்

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக் கீரையை எண்ணெயில் பொரிக்காமல் ‘அவனில்’ சிப்ஸ் ஆக்க முடியுமா?
– வாசகி, ஓட்டப்பிடாரம்

பதில்: தாராளமாக. மேல்நாட்டார் இதற்கு எடுப்பது கேல் என்னும் முரட்டு இலைக் கோஸ். குளிரை விரும்பும் பயிர் அது. கரிசல் வெயிலில் அதற்காக மெனக்கெட வேண்டாம். பாலக் போதும், தண்டுக்கீரையின் அகன்ற இலை போதும். மழைக்குப் பிறகு புஞ்சையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையையும் பார்க்கலாம். முருங்கை இலை சின்னது, பொடிக்குத்தான் சரி.

சூட்சுமம் முழுக்க ஈரத்தில் இருக்கிறது. 100 கிராம் கீரையில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கழுவிய இலையைத் துணியில் ஒற்றி, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை இலை முழுக்கத் தடவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்புங்கள். குவித்து வைத்தால் ஆவி அடைபட்டு இலை அவிந்துபோகும். 130 டிகிரி சூட்டில் 10 நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள், ஆவியும் வெளியேறும். மெல்லிய இலை சட்டென்று கருகிக் கசக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உப்பு பாதி போதும். இலை சுருங்கச் சுருங்கக் கரிப்பு ஏறும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கைத் தவிர்க்கட்டும். அதில் ஆக்சலேட் அதிகம். இலை வற்றும்போது அது ஒரு கைப்பிடிக்குள் சேர்ந்துவிடும்.

சீனிஅவரைக்காய் வத்தலைப்போல மாதக்கணக்கில் வைக்க இது தாங்காது. ஐப்பசி அடைமழையில் என்றால் சுட்ட அன்றைக்கே தின்றுவிடுங்கள்.