காலியாகத் தெரியும் பார்ட்டிஷன்

மடத்துக்குளம், கணியூர், குமரலிங்கம் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்றும் பீரோ மேலே ஒரு அரசு லேப்டாப் இருக்கும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். லினக்ஸ் என்ற பெயரையே அந்தக் கணினியில்தான் முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம்.

அந்தக் கணினிகள் படிப்போடு நிற்கவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்களோடு அவையும் போயின. ஜாப் வொர்க் எடுக்கும் தையல் யூனிட்டின் டெலிவரி செலான், டேலி கணக்கு, எம்பிராய்டரி டிசைன், பீஸ் ரேட் கூலிப் பட்டியல் என எல்லாம் அவற்றில் ஏறின. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் டேலிக்காக விண்டோஸை வைத்துக்கொண்டு, இணையத்துக்கும் மெயிலுக்கும் பக்கத்திலேயே லினக்ஸைப் போடலாம். நல்ல முடிவுதான். ஆனால் ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதன் ஃபைலை எடுப்பது பற்றித் தவறான நம்பிக்கைகள் பல உலவுகின்றன. அவற்றை நம்பிக் கணக்கையும் குழந்தைகளின் போட்டோவையும் இழக்க வேண்டியதில்லை.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்க, சும்மா கிடக்குது. அழிச்சுட்டு சி டிரைவோட சேர்த்துக் குடுங்க."

இதுதான் மிக ஆபத்தான நம்பிக்கை. லினக்ஸ் தன் ஃபைல்களை வைப்பது பெரும்பாலும் எக்ஸ்ட்4 என்ற முறையில். 2008 கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கும் இந்த முறையை விண்டோஸ் இன்றுவரை தானாகப் படிப்பதில்லை. அதனால் மை கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கும் பகுதிக்கு, அதாவது அந்தப் பார்ட்டிஷனுக்கு, டிரைவ் எழுத்தே வராது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் ஒரு கட்டம் மட்டும் தெரியும். அளவு இருக்கும், பெயர் இருக்காது. ரைட் கிளிக் செய்தால் 'டிலீட் வால்யூம்' என்பதைத் தவிர மற்றவை மங்கிக் கிடக்கும். பார்க்கிறவருக்கு அது அழிக்கச் சொல்வதுபோலவே தோன்றும். உண்மையில் விண்டோஸ் சொல்வது ஒன்றுதான்: இதில் எழுதியிருப்பது தனக்குப் புரியவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு விண்டோஸ் கணினியில் மாட்டும்போது இது இன்னும் மோசமாகிறது. இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று பல நேரம் ஒரு பெட்டி எழும்பும். கேன்சல் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அவசரத்தில் ஃபார்மட் அழுத்தினால் மீட்பது பெரும்பாடு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்து, அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாமலும் இருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருளால் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி என்றால் அந்த வாய்ப்பும் குறைவு. ஃபார்மட் செய்யும்போதே இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அதுவும் உடனே துடைக்கத் தொடங்கிவிடும்.

லினக்ஸ் பகுதியை அழித்தவருக்கு அடுத்த அதிர்ச்சி மறுநாள் காலையில் வரும். கணினியை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் நிற்கும், விண்டோஸும் வராது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்து முழு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கடைக்குத் தூக்கிப் போவார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த இயங்குதளத்துக்குள் போக வேண்டும் என்று கேட்கும் கிரப்பின் தொடக்கத் துண்டு மட்டும்தான் டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருக்கும். மீதி முழுவதும் லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். லினக்ஸை அழித்ததும் அந்தத் துண்டு தன் மீதியைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. விண்டோஸும் அதிலிருக்கும் டேலி கணக்கும் அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க்கைப் போட்டுத் தொடக்கப் பகுதியை மட்டும் சரிசெய்தால் போதும். கொஞ்சம் புதிய, யுஇஎஃப்ஐ முறைக் கணினியானால் செட்டப்புக்குள் போய் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலாவதாக வைத்தாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

சரி, விண்டோஸிலிருந்து லினக்ஸ் ஃபைலை எடுக்கவே முடியாதா? முடியும். டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் என்ற மென்பொருள் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. என் பார்வையில் அதுதான் அதன் பெரிய நன்மை. எக்ஸ்ட்2எஃப்எஸ்டி என்ற பழைய டிரைவர் எழுதவும் செய்யும். ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2017-ல் வந்தது. அதற்குப் பிறகு எக்ஸ்ட்4-ல் வழக்கமாகிவிட்ட வசதிகளோடு அது ஒத்துப்போவதில்லை. அதை வைத்து எழுத வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓடும் டபிள்யூஎஸ்எல் வழியாகத் திறக்கலாம் என்றும் சொல்வார்கள். அது முழு டிஸ்க்கைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் அதே டிஸ்க்கின் ஒரு பகுதியை மட்டும் அதற்குக் கொடுக்க முடியாது. நம் லேப்டாப்பில் இருப்பதோ ஒரே டிஸ்க்.

"ஷட் டவுன் பண்ணிட்டேன், இனி லினக்ஸ்ல போய் விண்டோஸ் ஃபோல்டர்ல எழுதலாம்."

2011-ல் கொடுத்த கணினிகளில் இது உண்மையாக இருந்தது, அப்போது விண்டோஸ் 7 காலம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு ஏற்பாடு சேர்ந்தது. பழைய அரசு லேப்டாப்பில் பிறகு விண்டோஸ் 10 ஏற்றியிருந்தால் அதிலும் இது இருக்கலாம். ஷட் டவுன் அழுத்தினால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. நம் வேலைகளை மூடிவிட்டு, தன் மையப் பகுதியின் நினைவை ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறது. மறுமுறை சீக்கிரம் எழுந்திருக்க இந்த வழி.

அந்த நினைவில் டிஸ்க்கைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது, எந்த ஃபைல் எங்கே, எந்த இடம் காலி என்று. கணக்குப்பிள்ளை ஒருவர் பேரேட்டை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். இரவில் இன்னொருவர் அதே பேரேட்டில் நாலு வரி சேர்க்கிறார். காலையில் முதலாமவர் வந்து, பேரேட்டைத் திறந்து பார்க்காமலே மனத்தில் இருப்பதை வைத்து மேலே எழுதினால் என்ன ஆகும்? லினக்ஸில் சேர்த்த ஃபைல் காணாமல் போகும், சில நேரம் ஃபோல்டரே குழம்பும். இதைத் தடுக்கத்தான் லினக்ஸ் அந்தப் பகுதியைத் திறக்க மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் விடுகிறது. லினக்ஸில் கோளாறு என்று பலர் திட்டுவது இந்த இடத்தில்தான். அந்த மறுப்பு உங்கள் ஃபைலைக் காப்பாற்றுகிறது. அதை மீறி வலுக்கட்டாயமாகத் திறக்கச் சொல்லித் தரும் வழிகளைப் பின்பற்றாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அதுவரை, லினக்ஸுக்குப் போகும் முன் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள், ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுமையாக மூடுகிறது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் அப்படியே. ஆனால் விண்டோஸை ஹைபர்னேட்டில் வைத்துவிட்டு லினக்ஸுக்கு ஒருபோதும் போகாதீர்கள்.

விண்டோஸ் பகுதியை லினக்ஸ் படிக்கத்தான் செய்யும், எழுதாது என்ற பேச்சு ரொம்பப் பழசு. என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருளின் முதல் நிலையான பதிப்பு 2007-லேயே வந்துவிட்டது. பாரகான் நிறுவனம் கொடுத்த டிரைவர் 2021-ல் லினக்ஸ் கெர்னல் 5.15-லேயே சேர்ந்துவிட்டது. எழுதலாம். ஆனால் விண்டோஸ் பகுதியில் பழுது வந்தால் விண்டோஸின் செக்டிஸ்க்கைக் கொண்டுதான் சரிசெய்ய வேண்டும். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் முழு ரிப்பேர் செய்வதில்லை. சில்லறைக் குறைகளைச் சரிசெய்து, அடுத்த முறை விண்டோஸே சோதிக்கும்படி குறித்து வைப்பதோடு சரி. ஃபைல் பெயரிலும் கவனம் வேண்டும். 'இன்வாய்ஸ் 45:2025' என்று நடுவில் முக்காற்புள்ளி வைத்து லினக்ஸில் சேமித்தால் ஏற்றுக்கொள்ளும், விண்டோஸில் திறக்காது.

"விண்டோஸுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கேன், யாரும் பார்க்க முடியாது."

இதை நம்பிச் சம்பளப் பட்டியல், ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். லாகின் பாஸ்வேர்டு விண்டோஸ் ஓடும்போது மட்டும்தான் வாசலில் நிற்கும். பக்கத்து லினக்ஸிலிருந்தோ, ஒரு பென் டிரைவில் கொண்டுவந்த லினக்ஸிலிருந்தோ திறந்தால் எல்லா ஃபோல்டரும் திறக்கும், பாஸ்வேர்டு கேட்காது. பாஸ்வேர்டு மறந்து தவிப்பவர் தன் ஃபைலை மீட்க இது வரம். லேப்டாப்பை எடுத்துச் சென்றவனுக்கும் அதே வசதி கிடைக்கும் என்பதுதான் கவலை. டிஸ்க்கையே பூட்டுவது பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் மட்டுமே. அது இருந்தால் லினக்ஸிலும் பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் ஒரு ஃபைலும் வராது.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் இந்தக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. நாம் எதையும் பூட்டியதாக நினைவே இருக்காது. பிறகு லினக்ஸ் போட யுஇஎஃப்ஐ செட்டப்பில் 'செக்யூர் பூட்' என்ற அமைப்பை மாற்றினால் திடீரென்று அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். அதனால் எதையும் தொடும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. பழைய கிரப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அது, இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டும் தொட்டது. பலருக்கு லினக்ஸ் துவங்கவில்லை. அப்போதும் டிஸ்க்கிலிருந்த ஃபைல்கள் பத்திரமாகவே இருந்தன. துவங்காத கணினி வேறு, அழிந்த ஃபைல் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள்.

லினக்ஸில் திறந்தால் தமிழ் கெட்டுவிடுகிறது என்பதும் பார்ட்டிஷன் மேல் விழும் வீண்பழி. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதத்தில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் இடங்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸானாலும், அது குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்தது இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே வரும்.

நேரக் குழப்பம் நம் நாட்டுக்கே உரிய அளவில் வருகிறது. கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக. லினக்ஸிலிருந்து வந்து விண்டோஸைத் திறந்தால் காலை 10 மணிக்கு 4.30 காட்டும், சரியாக ஐந்தரை மணி நேரப் பின்னடைவு. பேட்டரி போய்விட்டது என்று மாற்றியும் பயனில்லை. அந்த நேரத்தில் சேமித்த ஃபைலுக்குத் தவறான தேதி விழும். பேக்கப் எடுக்கும்போது எது புதியது என்று பார்த்து மாற்றும் மென்பொருள் பழையதைப் புதியதன் மேல் எழுதிவிடக்கூடும். உள்கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வைத்துக்கொள்ளும்படி லினக்ஸில் ஒரு முறை அமைத்தால் தீரும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இதனால் தொந்தரவு உண்டு. நமக்கு அந்த மாற்றமே இல்லை, தைரியமாகச் செய்யலாம்.

இரண்டு பக்கமும் வேண்டிய ஃபைலுக்கு மூன்றாவதாக ஒரு பகுதி பிரித்துக்கொள்ளச் சொல்வேன். அப்போது சி டிரைவில் உள்ள விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டர்களை லினக்ஸிலிருந்து தொடவே வேண்டியிருக்காது. அந்த மூன்றாவது பகுதியை ஃபேட்32-ல் போடு என்பவர்களைக் கேட்காதீர்கள். 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது, கல்யாண வீடியோ ஒன்றே அதைத் தாண்டும். என்டிஎஃப்எஸ் போதும். லினக்ஸ் இருப்பதால் வைரஸ் வராது என்றும் நினைக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்து அந்தப் பகுதிக்கு நகலெடுத்த வைரஸ் ஃபைல் லினக்ஸில் சும்மா இருக்கும், விண்டோஸில் திறந்ததும் வேலையைத் தொடங்கும். 2017 ஜூனில் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியையே மாற்றி எழுதியது. அப்படி ஒன்று வந்தால் இரண்டு பக்கமும் துவங்காது.

"விண்டோஸைப் புதுசாப் போட்டாச்சு, இனி விக்கலாம்" என்பது கடைசி. விண்டோஸை மறுபடி நிறுவினால் சி டிரைவ் மட்டும்தான் மாறுகிறது. லினக்ஸ் பகுதியில் இருந்த மெயிலும், ஸ்கேன் செய்த ஆவணங்களும் அப்படியே புதியவர் கைக்குப் போகும். விண்டோஸில் தெரியாததால் விற்றவருக்கு நினைவும் இருக்காது. விற்குமுன் வேண்டியதை வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறொரு கணினியில் நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். பிறகு பென் டிரைவ் லினக்ஸில் துவக்கி, எல்லாப் பகுதிகளையும் அழித்து, சுழலும் டிஸ்க்கானால் முழுவதும் ஒரு முறை பூஜ்ஜியம் எழுதுங்கள். எஸ்எஸ்டியானால் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் செக்யூர் இரேஸ் வழியாகத் துடையுங்கள். அதற்குப் பிறகு விண்டோஸைப் போட்டுக் கொடுங்கள்.