ஏரி மராமத்தின் பயனை அளந்தறியும் முறை

விழுப்புரம், திண்டிவனம் தாலுக்காக்களில் ஓர் ஏரியின் மராமத்து முடிந்தவுடன் கணக்கில் ஏறுவன யாவை? எடுத்த வண்டல் இத்தனை கன மீட்டர், பலப்படுத்திய கரை இத்தனை மீட்டர், புதுப்பித்த மதகு இத்தனை என்பனவே. கடைமடை நிலத்திற்குத் தை மாதத்தில் நீர் எட்டிற்றா என்னும் கேள்விக்கு அக்கணக்கில் பெரும்பாலும் இடமில்லை. நிலமுடையோர் அறிய விரும்புவதோ அஃதொன்றே.

இக்குறையைப் போக்கும் முறையொன்று 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி ஸ்தாபனத்திற்காக வகுக்கப்பெற்றுப் பின்னர் பல தேசங்களிலும் பரவியது. அதனைத் தருக்க அட்டவணை எனலாம். உலக வங்கியின் கடனுதவியோடு 2007 முதல் 2015 வரை நடைபெற்ற நீர்வள நிலவளத் திட்டத்தில் நமது வராக நதியின் உபவடிநிலமும் சேர்ந்திருந்தது. அத்திட்டத்தின் பலன் அட்டவணையும் இம்மரபில் வந்ததே.

அட்டவணையில் நான்கு படிகள் உள. அடிப்படியில் செய்கைகள், அதன்மேல் அவற்றால் கிடைப்பவை, அதற்குமேல் நோக்கம், உச்சியில் பெருநோக்கம். ஒவ்வொரு படிக்கும் எதிரே அளவு, சான்று, நிபந்தனை என மூன்று பத்திகள் வரையப்படும். இதனை அடியிலிருந்து மேல்நோக்கி வாசித்தல் வேண்டும்: இன்ன செய்கையைச் செய்து, இன்ன நிபந்தனையும் நிற்குமாயின், அடுத்த படி கைகூடும்.

உதாரணமாக, 100 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஓர் ஏரியில் 60 ஏக்கருக்கே நீர் பாய்கிறதென்று கொள்வோம். வண்டல் எடுத்தலும் மதகைப் பழுதுபார்த்தலும் செய்கைகள். ஒழுகாத மதகும் மிகுந்த கொள்ளளவும் கிடைப்பவை. எஞ்சிய 40 ஏக்கரிலும் நெற்பயிர் நீர்க்குறைவின்றி முற்றுதல் நோக்கம். குடிகளின் வருமானம் உயர்தல் பெருநோக்கம். அளவுப் பத்தியில் "பாசனம் பெருகும்" என்றெழுதுவது வீண். எத்தனை ஏக்கர், எந்தப் பசலிக்குள், எம்மதகின் கீழ் என்று எழுதவேண்டும்.

சான்றுக்காகப் புதிய கணக்கெடுப்பு எதுவும் அவசியமன்று. கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கலில் ஒவ்வொரு புல எண்ணிலும் விளைந்த பயிரும் பரப்பும் பசலிதோறும் பதிவாகின்றன. ஆனால் அடங்கலை வீட்டிலிருந்தவாறே சென்ற ஆண்டைப் பார்த்து எழுதினால் சான்றுப் பத்தி முழுவதும் பொய்த்துவிடும். வேலை தொடங்குமுன் மூன்று பசலிகளின் அடங்கலைத் தனியே பெயர்த்து வைத்துக்கொள்வது நன்று. முன்னிலை தெரியாமல் பின்னிலையை ஒப்பிட வழியில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானதும், ஆபீஸில் அமர்ந்து எழுதுவோர் அவசரமாக நிரப்பிவிடுவதும் நிபந்தனைப் பத்தியே. "மழை பெய்யவேண்டும்" என்று எழுதி முடித்துவிடுவர். ஏரி நிரம்பாமைக்கு மழைக்குறைவு ஒன்றே காரணமா? மேட்டுப்புறத்திலிருந்து வரும் வரத்துக்கால் நடுவே மண்மூடியோ, வேலியடைத்தோ, பாதைபோட்டோ கிடக்கலாம். அதனை அறிந்தவர்கள் ஊர்க்குடிகள். நிபந்தனை நிறைவேறுமா என்ற ஐயம் எழுமிடத்து அதனைச் செய்கைகளுள் ஒன்றாக்கி, வரத்துக்காலை அளந்து ஆக்கிரமிப்பை நீக்கும் வேலையை முதலில் வைக்கவேண்டும். அதுவும் இயலாதெனில் வண்டல் எடுக்கும் பணத்தை வேறோர் ஏரிக்குச் செலவிடுதலே நேர்மை. இது கசப்பான முடிவு; ஆயினும் நீர் வராத ஏரியை ஆழப்படுத்தி என்ன பயன்?

மழை மிகுதியையும் அப்பத்தியில் எண்ணவேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் புதுச்சேரியருகே பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. கரையை உயர்த்திவிட்டுக் கலங்கலைக் கவனியாது விட்ட ஏரிக்கு இத்தகைய இரவில் நேரக்கூடியதைச் சொல்லவேண்டுவதில்லை. எனவே கலங்கலின் அகலத்தையும் உபரிநீர் செல்லும் வாய்க்காலையும் செய்கைப் படியிலேயே சேர்த்தல் வேண்டும்.

அட்டவணையை ஒருமுறை எழுதிக் கட்டுக்குள் வைத்துவிடுதல் ஆகாது. ஐப்பசியில் வரத்துக்காலையும், கார்த்திகையில் நீர்மட்டத்தையும், தையில் கடைமடைப் பயிரையும் நேரிற்கண்டு குறிக்கவேண்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தாரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து சென்றால் பின்னர் வழக்கு எழாது. தையில் 40 ஏக்கருக்குப் பதில் 15 ஏக்கரே நனைந்திருந்தால், எப்படியில் தொடர்பு அறுந்தது என்பதை அட்டவணையில் கீழிருந்து தேடிக் குறித்து, அடுத்த கோடையில் மதகைத் திறக்குமுன் அவ்விடத்தையே முதலில் பழுதுபார்க்கவேண்டும்.