இணையதளத்திற்கு மதிப்புத் தரும் இணைப்புகள்: சிறுதொழில் நடத்துவோருக்கான விளக்கம்

அல் ஐனில் உணவகம், தையலகம், கராஜ், அச்சகம் முதலியவற்றை நடத்தும் தமிழர் பலர் தத்தம் நிறுவனத்திற்கென இணையதளம் அமைத்துள்ளனர். தளம் இருந்தும் தேடுபொறியின் முதற்பக்கத்தில் அது தோன்றுவதில்லை என்பது அவர்களிடையே பரவலாகக் கேட்கப்படும் குறை. இதனைப் பயன்படுத்தி, சில நூறு திர்ஹத்திற்கு ஆயிரம் ‘பேக்லிங்க்’ பெற்றுத் தருவதாகக் கூறும் முகவர்களும் உள்ளனர். பணம் செலுத்துவதற்கு முன்னர், பேக்லிங்க் என்பது யாது, எது பயன் தரும், எது கேடு விளைவிக்கும் என்பதை உரிமையாளர் அறிந்திருத்தல் நன்று.

உள்வரும் இணைப்பு என்றால் என்ன?

ஓர் இணையதளம் மற்றொரு தளத்தின் பக்கத்திற்குக் கொடுக்கும் சுட்டியே இணைப்பு. அது சுட்டப்படும் தளத்தின் நோக்கில் ‘உள்வரும் இணைப்பு’ அல்லது பேக்லிங்க் எனப்படும். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய மாணவர்கள் உருவாக்கத் தொடங்கிய தேடுபொறிக்கு ‘பேக்ரப்’ என்றே பெயர். அதுவே 1998இல் கூகுள் நிறுவனமாயிற்று. ஆய்வுக் கட்டுரையொன்றைப் பிறர் எத்துணை மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடுவது கல்வியுலக வழக்கம். அதே முறையை அவர்கள் இணையப் பக்கங்களுக்குப் பொருத்தினர்.

எல்லா இணைப்பும் ஒரே மதிப்புடையதன்று. அல் ஐன் பசுஞ்சோலையின் ஃபலஜ் வாய்க்காலை இங்கு நினைவுகூரலாம். தலைவாய்க்காலில் நீர் மிகுந்திருந்தால்தான் கிளைவாய்க்காலுக்கு நீர் வரும். அந்நீரும் பல தோட்டங்களுக்குப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். கூகுளின் தொடக்கக்கால ‘பேஜ்ரேங்க்’ கணக்கும் இவ்வாறே அமைந்தது. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்பு மிகுந்த பயன் தரும். நூற்றுக்கணக்கான இணைப்புகளை அடுக்கி வைத்துள்ள பக்கம் ஒவ்வொன்றுக்கும் சிறிதளவே தரும். இன்று தரவரிசையை முடிவு செய்யும் கூறுகள் பல. அவற்றுள் இணைப்பும் ஒன்றாகத் தொடர்கிறது.

விலைக்கு வாங்கிய இணைப்பின் விளைவு

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி அங்காடி நிறுவனத்தைக் குறித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் விரிவான செய்தி வெளியிட்டது. ஆடை, படுக்கை விரிப்பு, பயணப்பெட்டி எனப் பல பொருள்களுக்கான தேடலில் அந்நிறுவனம் முதலிடத்தில் இருந்தது. தொழிலுக்குத் தொடர்பற்ற ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததே காரணம் எனத் தெரியவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்த சில மணி நேரத்தில், பயணப்பெட்டித் தேடல் ஒன்றில் முதலிடத்திலிருந்த அத்தளம் 71ஆம் இடத்திற்கு இறங்கியது. அவ்விணைப்புகளுக்குத் தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்று நிறுவனம் கூறியது. எனினும் இழப்பு முகவரை அன்றி, தளத்தின் உரிமையாளரையே சேர்ந்தது. அல் ஐன் கடைக்காரர் கருத்திற்கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே.

அதே மாதத்தில் ஓவர்ஸ்டாக் என்னும் இணைய அங்காடியும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கல்லூரித் தளங்களில் இணைப்புப் பெறுவதற்காக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் விலைத் தள்ளுபடி வழங்கியதே அதன் காரணம். பணமாயினும் தள்ளுபடியாயினும், கைம்மாறாகப் பெறும் இணைப்பு விதிமீறலே. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் வெளியிட்ட ‘பெங்குவின்’ மாற்றம் இத்தகைய தளங்களைத் தானியக்க முறையில் கண்டறியத் தொடங்கியது. 2016 முதல் அது கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே, வாங்கிய ஆயிரம் இணைப்பும் பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படாமலே போகும். பணம் மட்டும் கரையும்.

விளம்பரத்திற்கோ நன்கொடையாதரவிற்கோ ஈடாக இணைப்பு இடுவது தவறன்று. ஆனால் அவ்விணைப்பில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோஃபாலோ’ குறியீடு இடப்பட்டிருத்தல் வேண்டும்.

நேரிய இணைப்பைப் பெறும் வழிகள்

1. ஏற்கெனவே உள்ள தொழில் உறவுகள்: உதிரிப்பாகம், துணி, மளிகை முதலியவற்றை வழங்கும் மொத்த வணிகர் பலர் தம் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் வைத்துள்ளனர். அதில் தம் பெயரையும் தள முகவரியையும் சேர்க்குமாறு உரிமையாளர் கேட்கலாம்.

2. பிறர்க்குப் பயன்படும் பக்கம்: விலைப்பட்டியலுக்கு எவரும் இணைப்புக் கொடுப்பதில்லை. சனாயியாவில் கராஜ் நடத்துபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜெபல் ஹஃபீத் மலைச்சாலை ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுடையது. அதிலிருந்து இறங்கும்போது குறைந்த கியரைப் பயன்படுத்துவது ஏன், பிரேக் சூடானால் என்ன செய்வது என்பவற்றைப் படங்களுடன் அவர் விளக்கினால், சுற்றுலா எழுத்தாளரும் பயணக் குழுக்களும் அப்பக்கத்தைச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சிறந்த தமிழ்ச் சான்று. பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்கியதால், உலகெங்கும் உள்ள தமிழ்த் தளங்கள் அதனைத் தாமாகவே சுட்டுகின்றன.

3. பெயர் மட்டும் இடம்பெற்ற செய்திகள்: நாளிதழிலோ சமூக அமைப்பின் தளத்திலோ நிறுவனத்தின் பெயர் இணைப்பின்றி வெளிவந்திருப்பின், இணைப்பு சேர்க்குமாறு பணிவுடன் எழுதிக் கேட்கலாம்.

4. அறுந்த இணைப்புகள்: தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகள் மாறினால், பழைய இணைப்புகளின் பயன் வீணாகும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றம் அமைக்குமாறு தள வடிவமைப்பாளரிடம் சொல்லவேண்டும்.

5. உள்ளூர்ப் பதிவு: ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ பதிவு இலவசம். வணிக உரிமத்திலுள்ள பெயரும், கடை முகவரியும், தொலைபேசி எண்ணும் எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும். அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயரின் எழுத்துக்கூட்டு இடத்திற்கு இடம் மாறக்கூடாது. அண்மையிலுள்ள கடைகளைத் தேடுவோருக்குக் காட்டும்போது பொருத்தம், தொலைவு, நன்மதிப்பு ஆகிய மூன்றையும் கூகுள் கருதுகிறது. பிற தளங்களின் இணைப்பு நன்மதிப்பில் அடங்கும்.

இணைப்புகளைச் சரிபார்த்தல்

‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்னும் இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்தால், எந்தெந்தத் தளங்கள் இணைப்புக் கொடுத்துள்ளன என்ற பட்டியலைக் காணலாம். தொடர்பற்ற சில தளங்கள் அதில் தென்படுவது இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ‘நடவடிக்கை’ அறிவிப்பு வந்திருந்தால் மட்டும், விலைக்கு வாங்கிய இணைப்புகளை நீக்கச் செய்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் செலுத்துமுன் முகவரிடம் கேட்க வேண்டியவை

• இணைப்பு இடம்பெறும் தளங்களின் பெயர்ப்பட்டியல் முன்னதாகக் கிடைக்குமா?
• அத்தளங்கள் இத்தொழிலுடனோ இவ்வூருடனோ தொடர்புடையவையா?
• தளத்தின் கடவுச்சொல்லும் முகவரிப் பதிவும் உரிமையாளர் பெயரிலேயே இருக்குமா?
• செய்த பணிக்கு எழுத்துமூல அறிக்கை தரப்படுமா?

முதலிடம் உறுதி என்று கூறுபவரைத் தவிர்த்தல் நலம். அவ்வுறுதியை எவராலும் அளிக்க இயலாது என்று கூகுளே அறிவித்துள்ளது. நேரிய முறையில் பெற்ற இணைப்புகள் பயன் தரப் பல மாதங்கள் ஆகலாம். மாதத்திற்கு ஒரு பயனுள்ள பக்கம், ஒரு தொழில் உறவின் வழியாக ஓர் இணைப்பு என்ற அளவில் தொடங்குவது சிறு நிறுவனத்திற்குப் போதுமானது.