கூட்டு நிலத்தில் ஆயுட்கால அனுபவ பாத்தியம்

கூட்டுப் பட்டாவிலுள்ள நிலத்தைக் கிரயம் வாங்குவோர் பலர் வில்லங்கச் சான்றைப் பார்த்த மாத்திரத்தில் திருப்தியடைந்துவிடுகின்றனர். விற்பவருடைய பாத்தியம் எத்தகையது என்று விசாரிப்போர் சிலரே. இதனால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் ஒரு தலைமுறை கழித்தே வெளிப்படும்.

ஓர் உதாரணம் கொள்வோம். அண்ணன் தம்பி இருவருக்குச் சமபாகமாக 4 ஏக்கர் நன்செய்யும் ஒரு தென்னந்தோப்பும் உள்ளன. அண்ணன் தம் பாதியை மனைவியார் ஜீவித காலம் வரை அனுபவித்து வரவேண்டுமென்றும், பின்னர் அது தம்பி மகனைச் சேரவேண்டுமென்றும் உயில் எழுதிவைத்துக் காலமாகிறார்.

அந்த அம்மாளின் பாத்தியம் அற்பமானதன்று. அவர் மற்றப் பாகஸ்தருக்குச் சமமாக நின்று சாகுபடி செய்யலாம். தம் பாகத்தைக் குத்தகைக்கு விடலாம். பெண்பிள்ளைதானே என்று கொழுந்தனார் மடையை அடைத்தாலும், தேங்காய் முழுவதையும் தாமே இறக்கிக்கொண்டாலும், கோர்ட்டில் கணக்குக் கேட்கலாம்; பாகம் பிரித்துக்கொள்ளவும் கோரலாம். பாக வழக்கில் பின்பாத்தியஸ்தரான பையனையும் கட்சிக்காரராகச் சேர்ப்பது உத்தமம்.

அவர் செய்யத்தகாதது முதலை அழிப்பது. காயை எடுக்கலாம், காய்க்கும் மரத்தை வெட்டி விற்றலாகாது. மேல்மண்ணைச் செங்கற்சூளைக்குக் கொடுப்பதும் இவ்வகையே.

அவர் தம் பாதியை விற்றால், வாங்கியவருக்குக் கிடைப்பது அந்த அம்மாளின் ஆயுள் வரையுள்ள அனுபவமே. முப்பது வருஷம் உழுதேன், கிணறு வெட்டினேன் என்று சொல்லி நிலத்தைக் காத்துக்கொள்ள முடியாது. 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டப்படி, பின்பாத்தியஸ்தர் வழக்கிடுவதற்குரிய 12 வருஷக் கெடு அவருடைய பாத்தியம் அனுபவத்திற்கு வரும் நாள் முதலே எண்ணப்படுகிறது.

ஆயினும் கைம்பெண் என்றாலே ஆயுட்பாத்தியந்தான் என்று எண்ணுவதும் பிழை. பழைய முறையில் அவருக்கிருந்த அளவுபட்ட பாத்தியத்தை 1956-ஆம் வருஷ ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு முழுப் பாத்தியமாக்கிற்று. உயில், தானம் முதலியவற்றால் புதிதாக வரையறுத்துத் தரப்பட்டவை மாத்திரம் அவ்வரையறைக்குள் நிற்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்பே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக விடப்பட்ட நிலமாயின், பத்திரத்தில் 'ஆயுள் வரை' என்றிருந்தாலும் அது முழுப் பாத்தியமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-ல் துளசம்மா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆதலின் உயிலின் ஒவ்வொரு வாசகத்தையும் வக்கீலிடம் காட்டித் தெளிவு பெறுதல் அவசியம்.

உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டுமென்ற கட்டாயமில்லை; எனவே அது வில்லங்கச் சான்றில் காணாமலிருக்கலாம். பட்டாவில் ஒருவர் பெயர் ஏறியிருப்பதனாலேயே அவருக்கு முழுப் பாத்தியம் வந்துவிடுவதுமில்லை. பெயர் மாற்ற மனு வரும்போது கிராம அதிகாரிகள் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாசித்து, ஆயுட்பாத்தியம் காணப்படின் தம் அறிக்கையில் அதனைக் குறிப்பது நலம். வாங்குவோர் கிரயப் பத்திரத்தில் பின்பாத்தியஸ்தரையும் சேர்ந்து கையெழுத்திடச் செய்துகொள்ளவேண்டும். அவர் மைனராயிருப்பின் தகப்பனார் கையெழுத்து மட்டும் போதாது. கோர்ட்டின் அனுமதியை முன்னதாகவே பெறவேண்டும்.