டப்பாவில் 24 கிராம்... உள்ளே எவ்வளவு?

உங்க ஹாஸ்டல் ரூமை ஒருமுறை சுத்திப் பாருங்க. அலமாரி மேல ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா, ஜன்னல் ஓரமா முடி கொட்டாம இருக்க வாங்கின பயோட்டின் மாத்திரை, பரீட்சை நேரத்துல வாங்கின மல்டிவைட்டமின்... ஏதாவது ஒண்ணு நிச்சயம் இருக்கும். இதை வாங்கச் சொன்னது யாரு? ஜிம் டிரெய்னர், சீனியர் அண்ணன், இல்லேன்னா ஒரு ரீல்ஸ் வீடியோ.

சப்ளிமெண்ட் எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்ல வரலை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும், கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமிலமும் பலன் தருவது நிரூபிக்கப்பட்ட விஷயம். நம்ம கேள்வி வேற: டப்பாவில் அச்சடித்திருக்கும் தகவலை யார் சரிபார்த்தாங்க?

மருந்துக்கு ஒரு சட்டம், இதுக்கு ஒரு சட்டம்

ஒரு புது மருந்து கடைக்கு வரணும்னா, அது பாதுகாப்பானது, வேலை செய்யுதுன்னு முதலில் அரசிடம் நிரூபிக்கணும். சப்ளிமெண்ட் அப்படி இல்லை. சட்டத்தின் பார்வையில் அது ஒரு உணவுப் பொருள். இந்தியாவில் இதுக்கான விதிகளை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016ல் வெளியிட்டது. டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 'ஹெல்த் சப்ளிமெண்ட்', 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்ற வார்த்தைகள் பொடி எழுத்தில் இருக்கும். கூடவே 14 இலக்க உரிம எண். அந்த எண் சொல்வது, தயாரிப்பாளரிடம் உரிமம் இருக்கு என்பதை மட்டும்தான். உள்ளே இருப்பது உங்களுக்குப் பலன் தரும் என்பதற்கு அது சான்று இல்லை.

அமெரிக்காவிலும் 1994ல் வந்த சட்டப்படி, விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. அங்கீகாரம் தேவையில்லை. அதனால 'அமெரிக்கன் பிராண்ட்'னு சொல்றது மட்டும் ஒரு தரச்சான்று ஆகாது.

புரோட்டீனை எப்படி அளக்கிறாங்க?

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் நிலக்கரியில் உள்ள நைட்ரஜனைக் கண்டுபிடிக்க கெல்டால் முறை படிச்சோமே, ஞாபகம் இருக்கா? யோஹான் கெல்டால் 1883ல் டென்மார்க்கில் கண்டுபிடிச்சது. உணவில் புரோட்டீனை அளக்கவும் இதே முறைதான் பரவலாகப் பயன்படுது. மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவாங்க. புரோட்டீனில் சராசரியா 16% நைட்ரஜன் இருக்கு என்பதால் இந்தக் கணக்கு.

ஓட்டை எங்கேன்னு தெரியுதா? கருவி புரோட்டீனைப் பார்க்கலை, நைட்ரஜனை மட்டும்தான் பார்க்குது. கிளைசின் என்ற விலை மலிவான அமினோ அமிலத்தில் 18.7% நைட்ரஜன். 5 கிராம் கிளைசினைக் கலந்தால், கணக்கில் அது 5.8 கிராம் புரோட்டீனா ஏறும். இதுக்குப் பேரே 'அமினோ ஸ்பைக்கிங்'. உங்க தசைக்கு அது முழுப் புரோட்டீனுக்கு ஈடாகாது.

இதே ஓட்டையின் கொடூரமான உதாரணம் 2008ல் சீனாவில் நடந்தது. தண்ணி கலந்த பாலில் புரோட்டீன் அளவு கூடுதலா காட்ட மெலமைனைச் சேர்த்தாங்க. அதில் நைட்ரஜன் 66%க்கு மேல். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க. ஆறு குழந்தைகள் இறந்தாங்க.

நம்ம ஊர் நிலைமை? கேரளாவைச் சேர்ந்த ஒரு கல்லீரல் மருத்துவரின் குழு இந்தியச் சந்தையில் உள்ள 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024ல் முடிவை வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரோட்டீன் அளவு சரியா இல்லை.

'எக்ஸ்ட்ரா எடுத்தா என்ன ஆகிடும்?'

நிறைய ஆகும். பயோட்டின் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் கிடைப்பதோ 5,000, 10,000 மைக்ரோகிராம் மாத்திரைகள். அவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில லேப் டெஸ்ட்கள் தப்பான முடிவைக் காட்டும்; ஏன்னா அந்த டெஸ்ட்களே பயோட்டினை ஒரு பசை மாதிரி பயன்படுத்துது. தைராய்டு ரிப்போர்ட் தப்பா வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோப்போனின் டெஸ்ட் 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லிடலாம். எஃப்.டி.ஏ. இதைப் பற்றி 2017ல் எச்சரித்தது.

வைட்டமின் டி இன்னொரு கதை. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4,000 ஐ.யூ. டாக்டர் வாரம் ஒண்ணுன்னு சில வாரங்களுக்கு எழுதித் தரும் 60,000 ஐ.யூ. மாத்திரையை தினமும் போட்டால், இரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னி பாதிக்கப்படும்.

'நல்லதுதானே, எடுத்துக்கலாம்' என்ற நம்பிக்கைக்குப் பெரிய பாடம் பின்லாந்தில் கிடைச்சது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையா கொடுத்தா புற்றுநோய் குறையும்னு நினைச்சு, புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஆய்வு செஞ்சாங்க. 1994ல் வந்த முடிவில், மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம்! காய்கறியில் நன்மை செய்யும் ஒண்ணு மாத்திரையிலும் அப்படியே செய்யும்னு சொல்ல முடியாது.

சரி, நாம என்ன செய்யலாம்?

* முதலில் தேவையைக் கணக்கு போடுங்க. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன். 60 கிலோ இருந்தா சுமார் 50 கிராம். கடுமையா உடற்பயிற்சி செய்றவங்களுக்குக் கூடுதலா தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராமுக்கு மேல். மெஸ் சாப்பாட்டோடு இதைக் கூட்டிப் பார்த்துட்டு டப்பா பக்கம் போங்க.
* லேபிளில் தனி கிளைசின், டாரின் சேர்த்திருக்காங்களான்னு பாருங்க. 'புரொப்ரைட்டரி பிளெண்ட்'னு போட்டு ஒவ்வொண்ணின் அளவையும் மறைச்சிருந்தா வாங்காதீங்க.
* தயாரிப்பாளர் அல்லாத வேறொரு லேப், அதே பேட்ச் எண்ணுக்குக் கொடுத்த ரிப்போர்ட் இருக்கான்னு கேளுங்க.
* அமெரிக்க அரசின் ஆஃபீஸ் ஆஃப் டயட்டரி சப்ளிமெண்ட்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு சத்துக்கும் தேவையான அளவு, உச்சவரம்பு, பக்கவிளைவு எல்லாம் இலவசமா இருக்கு.
* இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது நீங்க எடுக்கும் எல்லா சப்ளிமெண்டையும் டாக்டரிடம் சொல்லுங்க.
* சந்தேகமான பொருளைப் பற்றி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் கொடுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கு. வீட்டில் அம்மா மூட்டுவலிக்கும் அப்பா சர்க்கரைக்கும் யாரோ விற்ற பவுடரைக் குடிச்சிட்டு இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த டப்பாவை எடுத்து, லேபிளைத் தமிழில் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கிறாங்களான்னும் கேட்டுடுங்க.