பருவம் எய்தும் பிள்ளைகளும் பெற்றோர் கடமையும்

சில காலத்திற்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் மஹல்லாவாசி ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத்! மகனுக்கு 13 வயது. ஓதலில் கெட்டிக்காரன். பஜ்ருக்குத் தினமும் என்னோடு வந்தவன், இரண்டு மாதமாக எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். ஏதாவது ஓதி ஊதுங்கள்" என்றார்.

பையனைத் தனியே அழைத்து விசாரித்தோம். வெகுநேரம் தலை குனிந்து நின்றவன், பிறகு மெல்லச் சொன்னான். தூக்கத்தில் தனக்கு ஏதோ வெளிப்படுகிறது. அது கெட்ட நோய் என்று கூட்டாளி சொன்னான். அந்த அசுத்தத்தோடு பள்ளிவாசலுக்குள் எப்படி வருவது என்று பயந்து நின்றுவிட்டான். லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கக் காசும் சேர்த்து வைத்திருந்தான்!

அல்லாஹ்வின் வீட்டிற்கு மரியாதை செய்யப் போய் அடி வாங்கிய பிள்ளை அவன். தந்தையிடம் இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கினார். "எங்க வாப்பா எனக்குச் சொன்னதில்லை ஹஜ்ரத். நான் எந்த வாயால் சொல்வேன்?" என்றார். இந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வெட்கம் தடையாகலாமா?

வெட்கம் ஈமானின் ஒரு கிளை, ஐயமில்லை. ஆனால் மார்க்கத்தைக் கற்க அது தடையாகக் கூடாது. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, பெண்ணுக்கு உறக்கத்தில் ஸ்கலிதமானால் குளிப்பு கடமையா என்று நேரிலேயே கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஈரத்தைக் கண்டால் குளிக்க வேண்டும் என்று தெளிவாக விடை தந்தார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடுக்காத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தும் இருக்கிறார்கள்.

உடல் மாற்றம் வேறு, பாலிகு ஆவது வேறு

பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள்ளும் உடல் மாற்றங்கள் தொடங்குவது இயல்பு என்கிறது மருத்துவம். பெண்ணுக்கு மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் மாதவிடாய் வருகிறது. ஆண் பிள்ளைக்குக் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. பல பையன்களுக்கு மார்புக் காம்பின் அடியில் சிறு கட்டிபோல் வீங்கி வலிப்பதும் உண்டு. தாய்மார்கள் இதைக் கண்டு பதறுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அது தானே மறைந்துவிடும்.

குரல் உடைவதாலோ மீசை அரும்புவதாலோ பிள்ளை பாலிகு ஆகிவிடுவதில்லை. ஆணாயினும் பெண்ணாயினும் இந்திரியம் வெளிப்படுதல், பெண்ணுக்கு ஹைளு வருதல் ஆகியவையே அடையாளம். இவை எதுவும் தோன்றாவிட்டால் ஹிஜ்ரிக் கணக்கில் 15 வயது நிறைந்ததும் பாலிகு ஆவர். இது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் சொல்லும் இதுவே. உஹதுப் போரின்போது 14 வயதாயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களைப் போருக்கு ஏற்காத நாயகம் (ஸல்) அவர்கள், 15 வயதில் அகழ்ப் போருக்கு ஏற்றுக்கொண்டது இதற்கு ஆதாரம். ஹிஜ்ரி 15 வயது என்பது ஆங்கிலக் கணக்கில் 14 வயதும் சுமார் ஆறரை மாதமும். பள்ளிச் சான்றிதழை மட்டும் பார்த்துக் கணக்கிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, உடல் மாற்றங்கள் கடமையல்ல; கடமை வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு. அறிவிப்பு வந்ததும் கற்றுக்கொடுத்துவிட்டால், கடமை வரும் நாளில் பிள்ளை தடுமாறாது.

மகனுக்குத் தந்தை சொல்ல வேண்டியவை

உறக்கத்தில் ஸ்கலிதமாவது நோயுமல்ல, பாவமுமல்ல. அதனால் உடல் பலம் குன்றாது, லேகியம் தேவையில்லை. விழித்ததும் இந்திரியத்தின் ஈரத்தைக் கண்டால் குளிப்பு கடமை. கனவு கண்டும் ஈரமில்லையெனில் கடமையில்லை. நோன்பு நாளின் பகலில் இது நேர்ந்தால் நோன்பு முறியாது. ஷாபிஈ மத்ஹபில் குளிப்பின் ஃபர்ளு இரண்டு: நிய்யத்தும், உடல் முழுவதும் தண்ணீர் படுவதும். ஹனஃபி மத்ஹபில் மூன்று: வாய் கொப்பளித்தல், மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துதல், உடல் முழுவதும் நனைத்தல்.

மகளுக்குத் தாய் சொல்ல வேண்டியவை

முதல் இரத்தத்தைக் கண்டு தனக்குக் காயம்பட்டதென அலறும் பிள்ளைகள் உண்டு. முன்கூட்டியே சொல்லாத தாயின் குறை அது. ஹஜ்ஜுப் பயணத்தில் ஹைளு வந்ததற்காக ஆயிஷா (ரலி) அவர்கள் அழுதபோது, இது ஆதமுடைய பெண்மக்கள் மீது அல்லாஹ் விதித்தது என்று கூறி நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். நம் பிள்ளைக்கும் அந்த ஆறுதலே முதல் பாடமாகட்டும். அந்நாட்களில் தொழுகை இல்லை, அதற்குக் களாவும் இல்லை. விடுபட்ட ரமளான் நோன்பைக் களாச் செய்ய வேண்டும். ஹைளின் ஆகக் கூடிய காலம் ஷாபிஈயில் 15 நாள், ஹனஃபியில் 10 நாள்.

அவளைத் தனித் தட்டு, தனிப் பாய் என ஒதுக்குவது நம் வழியன்று. ஆயிஷா (ரலி) அவர்கள் ஹைளுடன் இருந்தபோது அவர்கள் வாய் வைத்துக் குடித்த இடத்திலேயே நாயகம் (ஸல்) அவர்களும் வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். பந்தல் போட்டு ஊரைக் கூட்டுவதும் மார்க்கம் சொன்னதன்று. பிள்ளையின் வெட்கத்தை விலை பேசும் வேலை அது.

மருத்துவரிடம் எப்போது?

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்னும், ஆணுக்கு 9 வயதுக்கு முன்னும் மாற்றம் தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்ணுக்கு 13, ஆணுக்கு 14 வயது கடந்தும் எந்த மாற்றமும் இல்லையென்றாலும், பெண் 15 வயது வரை ருதுவாகாவிட்டாலும், மாதவிடாய் ஒரு வாரத்தைத் தாண்டி நீடித்தாலும் அவ்வாறே. தாயத்தும் லேகியமும் இதற்கு மருந்தாகா.

நாம் சொன்ன அந்தத் தந்தை அன்றிரவே மகனுக்குக் குளிப்பு முறையைத் தம் வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய நாம் கற்றுக் கொடுத்தோம். மறுநாள் பஜ்ரில் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றார்கள்.

பெற்றோர்களே! நீங்கள் சொல்லாவிட்டால் தெரு சொல்லும். நம் பிள்ளைகளின் வெட்கத்தையும் தூய்மையையும் ஒருங்கே காக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.