சேரன்மகாதேவி அண்ணாச்சிக்கு, கைத்துப்பாக்கி பற்றி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டெக்சாஸில் இருக்கும் உங்கள் மகன் அங்கே கைத்துப்பாக்கித் தற்காப்பு வகுப்புக்குப் போய்வந்ததையும், நீங்களும் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கி ஒரு ரிவால்வர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று போனில் வற்புறுத்துவதையும் எழுதியிருந்தீர்கள். கன்னடியன் கால்வாய்க்கு அந்தப்புறம் வாழைத்தோட்டத்து நடுவில் தனி வீடு, உள்ளே நீங்களும் மதினியும் மட்டும். கடையத்தில் நடந்ததை நினைத்து இன்னமும் பல ராத்திரி தூக்கம் வருவதில்லை என்கிறீர்கள். மகனின் கவலையில் ஒரு குறையும் இல்லை. வேண்டும், வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

கடையத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019 ஆகஸ்ட் 11, ராத்திரி நேரம். தோட்டத்து வீட்டின் முன்புறம் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தை மூடிய ஒருவன் பின்னால் வந்து அவர் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். இன்னொருவன் கையில் அரிவாள். சத்தம் கேட்டு அவர் மனைவி, அந்த அம்மா, வெளியே வருகிறார். கீழே கிடந்த செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் எடுத்து வீசுகிறார். கழுத்தை விடுவித்துக்கொண்ட பெரியவரும் நாற்காலியைத் தூக்குகிறார். வந்தவர்கள் ஓடிப்போனார்கள். அம்மாவுக்குக் கையில் வெட்டு. கழுத்துச் சங்கிலியும் போயிற்று. உயிர் பிழைத்தது. அந்த ஆண்டுச் சுதந்திர தினத்திலேயே முதலமைச்சர் கையால் இருவருக்கும் துணிச்சலுக்கான விருது கிடைத்தது.

கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை பாருங்கள். இந்தத் தடவை, அந்த வீட்டில் லைசென்ஸ் உள்ள ரிவால்வர் ஒன்று இருந்ததாக வைத்துக்கொண்டு பாருங்கள். அது எங்கே இருந்திருக்கும்? உள்ளறை பீரோவில், பூட்டுக்குள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பெரியவரால் எழுந்து போய் எடுத்திருக்க முடியாது. இடுப்பில் இருந்திருந்தால்? இரண்டு கையும் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது அது பின்னால் நிற்பவன் கைக்குப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அம்மா எடுத்துவந்து சுட்டிருந்தால்? ராத்திரி வெளிச்சத்தில், கட்டிப்பிடித்துப் புரளும் இரண்டு உடம்புகளில் எது புருஷனுடையது? தேர்ந்த போலீஸ்காரரே தயங்கும் குறி அது. அன்றைக்கு அந்த அம்மாவிடம் இருந்த நாற்காலி, தவறிப் புருஷன் மேல் பட்டாலும் கொல்லாத ஆயுதம்.

இதே கணக்கை அமெரிக்காவிலேயே ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார். சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சி கொடுத்த டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதியது: கத்தியோடு இருக்கும் ஒருவன் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவான். நன்றாகப் பழகிய ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே ஒன்றரை வினாடி ஆகும். உங்கள் மகன் போன வகுப்பிலும் இது நிச்சயம் பேசப்பட்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். 21 அடி என்பது உங்கள் வீட்டு வாசல்படியிலிருந்து மாட்டுத்தொழுவம் வரைக்கும் கூட வராது. நம் பக்கத்தில் வருகிறவன் கையில் இருப்பது வீச்சரிவாள். அவன் தொழுவத்துக்கு இந்தப்பக்கம் வந்துவிட்ட பிறகு, எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் அந்த வினாடி அவனுடையது.

நம் ஜில்லா சரித்திரத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவதும் இதையே சொல்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை செங்கோட்டை வாஞ்சிநாதன் பிரவுனிங் பிஸ்டலால் சுட்டார். அவருக்குப் புதுச்சேரியில் சுடப் பழக்கியவர் வ.வே.சு. ஐயர். பின்னாளில் அதே ஐயர்தான் உங்கள் சேரன்மகாதேவிக்கு வந்து குருகுலம் நடத்தினார். சமபந்தித் தகராறில் தமிழ்நாடே அந்தக் குருகுலத்தைப் பற்றிப் பேசியது. 1925-ல் ஐயர் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு தானும் போனார். மணியாச்சியில் நடந்தது சரியா தவறா என்ற வழக்கை இந்தக் கடிதத்தில் நான் எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆஷ் அதிகாரம் இல்லாத ஆள் அல்ல. ஒரு ஜில்லாவின் போலீஸே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எந்த நிமிஷம் என்று தீர்மானித்தவர் வாஞ்சி. தாக்கப் போகிறவருக்குக் கொடுக்கும் பயிற்சி வேறு, தாக்கப்படுகிறவருக்கு வேண்டிய பயிற்சி வேறு. முன்னவர் நேரத்தைத் தானே குறித்துக்கொண்டு வருகிறார். பின்னவரிடம் இல்லாதது அந்த நேரம் ஒன்றுதான்.

ஆகவே அண்ணாச்சி, உங்களுக்கு வேண்டியது முதலில் நேரம். அரை நிமிஷம் முன்னால் தெரிந்தால் கதவைச் சாத்தலாம், போன் செய்யலாம், கூப்பாடு போடலாம். அந்த அரை நிமிஷத்தைத் துப்பாக்கிக் கடையில் வாங்க முடியாது. தொழுவத்துப் பக்கம் விளக்கு எரிய வேண்டும். நல்ல நாட்டு நாய் இரண்டு வேண்டும். முன்கதவுக்கு வெளியே கிரில் போட்டு, இருட்டிய பின் அதற்கு உட்புறமாக உட்காருங்கள். கடையத்துப் பெரியவர் உட்கார்ந்திருந்தது வெளியில். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் நம்பரும் ஸ்டேஷன் நம்பரும் மதினியின் போனில் ஒரே அழுத்தில் போகும்படி இருக்க வேண்டும். ரோந்துக்காரர்கள் கையெழுத்துப் போடும் பட்டா நோட்டை உங்கள் வீட்டிலும் வைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள். தனி வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் பயிற்சி வேண்டுமா என்றால், வேண்டும் என்றே சொல்வேன். துப்பாக்கி வாங்குவதற்காக அல்ல, வாங்கலாமா என்று தெரிந்துகொள்வதற்காக. நம் நாட்டில் வரிசையும் அப்படித்தான் இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் கேட்கிறவர் ஆயுதத்தையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்து எஸ்-1 படிவத்தில் சான்று கொடுக்க வேண்டும். எப்படிப் பூட்டி வைப்பது, எப்படி எடுத்துப் போவது, எப்படிச் சுடுவது, சட்டம் என்ன சொல்கிறது என்பவை அதில் அடக்கம். மகன் கற்றதுபோல் சட்டைக்குள்ளிருந்து உருவுவது, நகர்ந்துகொண்டே சுடுவது என்பதெல்லாம் இங்கே அந்தப் பாடத்தில் எதிர்பார்க்க வேண்டாம். அவர் கையில் இருந்திருக்கக்கூடிய 9 மி.மீ. பிஸ்டலும் இங்கே சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையாது. அது தடை செய்யப்பட்ட ரகம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர். 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ அளவுதான், ஆனால் வந்தபோதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். நகைக்கு வருகிற திருடனுக்கு அதுவே இன்னொரு நகை.

வகுப்பில் என்ன கற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. பாளையங்கோட்டையில் கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டிருக்கிறேன். குறி வைப்பதைக் காட்டிலும் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் பயிற்சி கொடுத்த உஸ்தாத் அதிகம் திட்டுவார். உலகம் முழுக்க இன்று நடக்கும் தற்காப்பு வகுப்புகளுக்கு அடிப்படை போட்டவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்க மரைன் அதிகாரி. 1976-ல் அரிசோனாவில் பள்ளி தொடங்கியவர். அவர் பெயரால் வழங்கும் நான்கு விதிகளும் எங்கள் உஸ்தாதின் வசவுகளும் ஒன்றுதான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழாயைத் திருப்பாதே. குறி சேரும் வரைக்கும் விசையில் விரல் வைக்காதே. குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. இந்தக் கடைசி விதியை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். தொழுவத்துக்குப் பின்னால் வேலையாட்களின் ஓலைக்குடிசை இருக்கிறது.

சட்டத்தையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் இடமில்லை. வாழைத்தார் வெட்டிக்கொண்டு ஓடுகிறவனைச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்கு ஆகும். தற்காப்பில்தான் செய்தேன் என்று கோர்ட்டில் காட்டும் பொறுப்பும் நம்முடையது. அப்படி நடந்திருக்கக்கூடும் என்று நம்பும்படி காட்டினால் போதும் என்பது ஒரு ஆறுதல். 2012-ல் மதுரையில், மகளைப் பலாத்காரம் செய்ய முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்துபோனான். எஸ்.பி. அஸ்ரா கார்க் பழைய 100-வது பிரிவைக் காட்டி அந்தத் தாயை விடுவித்தார். சட்டம் பார்ப்பது எந்த நிலையில், எந்த அளவுக்கு அடித்தோம் என்பதை. துப்பாக்கியில் அந்த அளவைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை.

ஆயுதம் வைத்திருந்த வம்சம் நாம் என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில், எட்வர்ட் கிளைவின் பிரகடனம் இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. 1878-ல் லிட்டன் காலத்துச் சட்டம் நாடு முழுவதற்கும் அதைச் செய்தது. இன்றைய 1959-ம் ஆண்டுச் சட்டம் நம்முடைய பாராளுமன்றம் போட்டது. பறிகொடுத்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லக்கூடிய ஒரு பொருளை வம்சப் பெருமைக்காக வாங்க வேண்டாம். ஊர் பரபரப்பாக இருக்கும் அந்த வாரங்களில்தான் அது உங்கள் கையில் இல்லாமல் போகலாம்.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வெளியிலிருந்து வருகிறவனுக்காக வாங்கியது வீட்டுக்குள் இருப்பவரின் கெட்ட நிமிஷத்துக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. தூக்கம் இல்லாத ராத்திரிகளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்தால் வீட்டில் அவர்கள் திறக்காத பீரோ ஏது? தூக்கத்துக்காக முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். இதை அக்கறையில் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

சுடுவதில் உள்ளபடியே விருப்பம் இருந்தால் ரைபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுங்கள். .177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். கை நடுங்குகிறதா, கண் குறியில் நிற்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகும் ரிவால்வர் வேண்டும் என்று தோன்றினால் கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸில் ஏ-1 படிவம் கொடுங்கள். ஆனால் பயிற்சிக்கு மதினியையும் கூட்டிப்போக வேண்டும். அவர் வர மறுத்தால் விண்ணப்பம் போடாதீர்கள். விளக்கும் கிரில்லும் இந்த மாதமே போட்டுவிடுங்கள். செலவு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், கேட்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி